காசம் என்று போட்ட ஊசி

ஒன்பது வயதில் எனக்கு இருமல் வந்தது. மார்பின் வலப்பக்கம் குத்தும். சில நாள் எச்சிலில் ரத்தம் தெரியும். கொல்லிமலைக்கு ரோடு இல்லாத காலம். அப்பா என்னைத் தோளில் சுமந்து காரவள்ளிக்கு இறங்கி, அடிவாரத்து டாக்டர் ஒருவரிடம் காட்டினார். அவர் முதுகில் குழாயை வைத்தார், எடுத்தார். "காசம். தினம் ஊசி போடணும்." சளியைச் சோதிக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. மலைக்காரப் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்.

ஊசிக்காக என்னை அடிவாரத்திலேயே, காளப்பநாயக்கன்பட்டியில் அத்தை வீட்டில் விட்டார்கள். அத்தை மாட்டுக்கொட்டகையில் எனக்குப் பாய் போட்டாள். அம்மா பார்க்க வந்தபோது, "உம் பொறந்தூட்டுச் சீக்குதான் இது" என்று அத்தை முகத்துக்கு நேராகவே சொன்னாள். அத்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாதக்கணக்கில் ஊசி. இருமல் நிற்கவில்லை. காதுக்குள் ஓயாத இரைச்சல் வேறு தொடங்கியது. டாக்டரிடம் சொன்னேன். "ஊசிக்குப் பயந்து கதை விடுது" என்று சிரித்தார்.

ஒரு காலை, அப்பா வந்திருந்த அன்று, இருமும்போது வாய் நிறைய உப்புத் தண்ணீர் வந்தது. கூடவே வெள்ளையாக, முட்டையின் உள்தோல் போல ஏதோ. உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. அப்பா அதை இலையில் ஏந்தி, என்னையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"ஏனுங்க, புள்ள இதத் துப்புச்சுங்க. என்னன்னு பாருங்க."

"சீ, வெளியே வீசுய்யா!"

அப்பா வீசவில்லை. இலையோடு என்னைச் சேலத்துக்கு பஸ் ஏற்றினார். அங்கே பெரிய டாக்டர் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க."

"ஆடு அறுத்தா அதுக்கு ஈரல் போடுவீங்களா?"

"கெட்டுப்போனதப் போடுவோமுங்க."

அப்படிக் கெட்ட ஈரல் வழியாக நாயின் குடலுக்குள் போய் வாழும் புழுவாம். அதன் முட்டை எப்படியோ என் வாய்க்குள் போய், நுரையீரலில் நீர்க்கட்டியாக வளர்ந்து உடைந்திருந்தது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. மதராஸில் அறுத்து எடுத்தார்கள்.

இருமல் போயிற்று. ஆனால் இரைச்சலோடு மெல்ல மெல்ல மந்தமாகிப்போன காது திரும்பவில்லை. எனக்குத் தேவையே இல்லாத அந்த ஊசி மருந்து காது நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார்கள்.

ஊர் திரும்பும் வழியில் அப்பா எக்ஸ்ரே படத்தோடு பழைய டாக்டர் முன் போய் நின்றார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன்: "எக்ஸ்ரே இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

"எடுக்கச் சொல்லலீங்களே நீங்க!"

அப்பா கத்தியது எனக்கே கேட்டது. காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.