தழை அழுகும் ஏழு நாள்

வேளாங்கண்ணிக்குப் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு என் வீட்டுக்காரர் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கடல் என்னவோ பஸ்ஸில் அரை நாள் தூரம்தான். ஆனாலும் பிறந்ததிலிருந்து, கல்யாணமாகி ஆறு வருஷமாகியும், நான் அதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் சாகுபடி செய்தது குத்தகை நிலம். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவர் சார்பில் பண்ணை முழுவதையும் பார்த்துக்கொண்டது எங்கள் ஊரிலேயே இருந்த காரியக்காரர். விதை விடுவது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது என்று ஒன்று விட்டால் ஒன்று கழுத்தைப் பிடிக்கும். எங்கே போவது?

ஒரே ஒரு இடைவெளி உண்டு. சம்பாவுக்கு நாற்று விட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆனதும், நடப்போகிற வயலை உழுது தண்ணீர் கட்டி, பூவரசந்தழையும் கொழுஞ்சியும் வெட்டிப் போட்டுச் சேற்றுக்குள் காலால் மிதிப்போம். அந்தத் தழை அழுகி எருவாக ஏழு நாள் ஆகும். அதுவரை வயலில் மாட்டை இறக்கக் கூடாது. நாற்றும் இன்னும் உயர வேண்டும். அந்த ஏழு நாள் எங்களுக்கு வேலை இல்லை. வேளாங்கண்ணியிலும் அப்போது திருவிழா முடிந்து கூட்டம் கலைந்திருக்கும், மழையும் தொடங்கியிருக்காது. "அப்ப போனாத்தான் நிம்மதியாப் பாக்கலாம்" என்று ஒரு மாதமாக அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். நிம்மதி என்ற வார்த்தையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஊரில் எல்லாரும் நாங்கள் பிள்ளை வரம் கேட்கப் போவதாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கடல் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் கிண்டல் செய்வார்கள்.

அந்த வருஷம் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. கோட்டையில் ஆட்சி மாறிய பிறகு, குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பெயரைச் சர்க்கார் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் எங்களை நினைத்தபடி நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த வருஷம் நாங்கள் யாருடைய வயலிலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். எங்களிடம் குத்தகைச் சீட்டு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அதிகாரி வருவார், வருவார் என்று மாதக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இந்த மூன்று நாளிலா வந்துவிடப்போகிறார் என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை தழை மிதித்து முடித்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். மாடு இரண்டையும் யாரிடம் விடுவது என்பதுதான் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நடவு வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். காரியக்காரர் தாமே கூப்பிட்டார்.

"எதுக்குப்பா யோசிக்கிற? நம்ம கொட்டகையில கட்டிட்டுப் போ. வைக்கோலா இல்ல? அந்த ஏரையும் நுகத்தடியையும் இங்கயே சாத்திடு. மழ கிழ வந்தா நனைஞ்சிடும்."

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகிறவர் மாட்டைப் பட்டினி போட்டுவிட்டுப் போக மாட்டார். யார் கட்டித் தீனி போடுகிறாரோ அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அவருக்குக் கும்பிடு போட்டு, "பெரிய உபகாரங்கய்யா" என்று நானே என் வாயால் சொன்னேன்.

வேளாங்கண்ணி ஓய்ந்து கிடந்தது. பந்தல் கால்களைப் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. மெழுகுவத்திக் கடைகளில் பாதிக்கு மேல் சாக்குப் படுதா தொங்கியது. எங்களுக்கு அறை கொடுத்த அம்மா கடலைப் பார்த்த கூரை வீட்டில் தனியாக இருந்தார். "திருவிழாவுல வந்திருந்தா திண்டாடியிருப்பீங்க, இப்ப ராசா மாதிரி இருங்க" என்று பாய் கொண்டுவந்து போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

கடலுக்குப் போகும் முன் டீ குடித்தோம். எந்த ஊர் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னோம்.

"ஒங்க பக்கந்தான் இப்ப ஜீப்பு சுத்துதாம். என் தம்பி தாலுகா ஆபீசு ஜீப்புதான் ஓட்டுறான். குத்தகைக்காரங்க பேர எழுதுறாங்களாமே. சீட்டு இல்லாதவங்களுக்கு என்ன பண்றாங்க தெரியுமா? ஏரு யாரு வீட்டுல இருக்கு, மாடு யாரு கொட்டகையில நிக்குதுன்னு நேர்ல பாத்து அவங்க பேரையே எழுதிடுறாங்களாம்."

என் வீட்டுக்காரர் பாதி டீயில் நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏங்க, இப்பவே போயிடலாங்க."

"மத்தியான பஸ்சு போயிடுச்சு. காலையில போவோம்."

"அந்தாளு வேணுன்னுதான் கூப்பிட்டிருக்காரு."

"அப்படியெல்லாம் இருக்காது. சும்மா இரு" என்றார். ஆனால் அவர் குரலில் தெம்பு இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்து இருபது வருஷமாக உழுத நிலம் அது. அவருக்கு என்னைவிடப் பயம் அதிகம் என்று எனக்குத் தெரியும். அவர் பயந்தால் பேச மாட்டார், நான் பயந்தால் வாயை மூட மாட்டேன்.

மறுநாள் காலையில் மூட்டையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். திருவிழாவுக்கு விட்ட பஸ்களை நிறுத்தியிருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு மட்டும் ஒன்று போகும் என்றார்கள். அதற்கு மேல் போக முடியாதாம். கூலித் தகராறில் திருவாரூர்ப் பக்கம் மறியல், சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார். "நாகப்பட்டினத்துல போயி நிக்கிறதுக்கு இங்கயே நில்லுங்க, இங்க படுக்கவாச்சும் எடம் இருக்கு" என்றார்.

நானும் கூலிக்குப் போனவள்தான். மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். இருந்தும் அன்று அவர்களை மனதுக்குள் திட்டினேன். இன்னும் இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

புதன்கிழமை முழுவதும், வியாழக்கிழமை முழுவதும் பஸ் நிற்கும் இடத்துக்கும் அறைக்கும் நடந்தேன். கடல் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்க்க மனம் வராது. வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுவேன். மீன் ஏற்றிய மாட்டு வண்டியாக இருக்கும். அந்த மாடுகளைப் பார்த்தால் எங்கள் மாடுகள் ஞாபகம் வரும். இந்நேரம் காரியக்காரர் அவற்றின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அதிகாரியிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே மறுபடி பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பேன். சோறு இறங்கவில்லை. அறைக்கார அம்மா பாவம், மீன் குழம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஓடுகிறது என்று தகவல் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு, கால நனைக்காமயா போறது? ஓடிப்போயி நனைச்சுட்டு வா. பஸ்ச நான் நிறுத்தி வைக்கிறேன்."

போனேன். அலை வந்து காலில் ஏறியதும் கத்திவிட்டேன். தழை மிதித்ததில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், கணுக்காலில் குச்சி கீறிய காயம். உப்புத் தண்ணீர் பட்டதும் தீயை மிதித்தது போல் எரிந்தது. புடவையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி வந்து பஸ்ஸில் ஏறினேன். அவ்வளவுதான் நான் பார்த்த கடல்.

ஊருக்குள் நுழைந்ததும், வெளியூர் வேலைக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்த பக்கத்து வீட்டு அக்கா எதிரே வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்.

"நேத்து ஜீப்பு வந்துச்சாம்டி. கொட்டகையில மாடு, ஏரு எல்லாத்தையும் காட்டியிருக்காரு. பண்ணையே சாகுபடி பண்ணுதுன்னு சொல்லிட்டாராம். நாளைக்குச் சாவடியில விசாரணையாம். ஆட்சேபண இருந்தா வந்து சொல்லணுமாம்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் கொட்டகைக்குப் போனோம். மாடுகள் கழுத்தை நீட்டி என் கையை நக்கின. வயிறு நிறைந்துதான் இருந்தது, அதில் குறை வைக்கவில்லை. காரியக்காரர் வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டீங்களா? இருக்கட்டும்ப்பா, மாடு இங்கயே நிக்கட்டும். நாளைக்கு விசாரணை முடியட்டும்."

"எங்க மாடுங்கய்யா" என்றார் இவர்.

"யாரு இல்லன்னா? நாளைக்கு ஓட்டிக்க."

மீறி அவிழ்த்தால் கொட்டகையில் புகுந்து மாட்டை ஓட்டிவிட்டார்கள் என்று எழுதி வைத்துவிடுவார்களோ என்று பயந்து, இவர் கையைப் பிடித்து நான்தான் இழுத்து வந்தேன்.

மறுநாள் சாவடியில் ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் பண்ணைக்கு வேலை செய்கிறவர்கள். எங்கள் வயல் யாருடைய சாகுபடி என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் கோபித்து என்ன செய்வது? நாளைக்கு அவர்களும் அங்கேதான் வேலைக்குப் போயாக வேண்டும்.

அதிகாரி கண்ணாடி போட்ட, அலுத்துப்போன முகத்தோடு இருந்தார். காரியக்காரர் சொல்வதை முதலில் கேட்டார். மாடு பண்ணைக் கொட்டகையில், ஏர் பண்ணைக் கொட்டகையில், வயலில் தழை மிதித்தது பண்ணை ஆட்கள் என்று அவர் அடுக்கினார். பிறகு அதிகாரி இவரைப் பார்த்தார்.

"சாகுபடி ஒன்னோடதுன்னா, நடவு நேரத்துல மூணு நாளு எங்கப்பா போயிருந்த?"

பக்கத்தில் நின்ற ஊர்க் கணக்குப்பிள்ளை எங்கள் மேல் கொஞ்சம் இரக்கம் உள்ளவர். "வேண்டுதல்னு சொல்லு, பிள்ளை வரம்னு சொல்லு" என்று இவர் காதோரம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அப்படிச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். இவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இவ கடல் பாத்ததில்லைங்க. அதான் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

சாவடியே சிரித்தது. காரியக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். எல்லாம் முடிந்தது, என் ஆசையால்தான் முடிந்தது என்று நினைத்தேன்.

"நாத்த விட்டுட்டுக் கடல் பாக்கப் போனியா?" என்றார் அதிகாரி.

"திங்கக்கிழமை தழை மிதிச்சாச்சுங்க. வர்ற திங்கக்கிழமை வரைக்கும் மாட்ட எறக்கக் கூடாது. இந்த ஏழு நாள விட்டா எங்களுக்கு வேற நாளு கெடையாதுங்க."

அதிகாரி காரியக்காரரிடம், "தழை மிதிச்சது என்னைக்கு?" என்று கேட்டார். "போன வாரம்" என்றார் அவர். "போன வாரம்னா?" என்றதற்கு, ஆட்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். அதிகாரி எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அலுப்போ கிண்டலோ தெரியவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடல் எப்படி இருந்துச்சு?"

எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்தால்தானே.

"கால் எரிஞ்சுதுங்க" என்றேன்.

"கால் ஏம்மா எரியுது?"

"சேத்துப்புண்ணுங்கய்யா. தழை மிதிச்சதுல வந்தது. உப்புத் தண்ணி பட்டதும் உசுரே போயிடுச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து காலைக் காட்டச் சொன்னார். அத்தனை ஆண்கள் முன்னால் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் இடுக்கு வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது.

அவர் காரியக்காரர் பக்கம் திரும்பினார். "ஒங்க ஆளுங்க மிதிச்சாங்கன்னீங்க. யாரு? வரச் சொல்லுங்க, காலப் பாப்போம்."

காரியக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அங்கே பாதிப் பேர் காலில் சேற்றுப்புண் இருந்தது. பண்ணையின் மற்ற வயல்களில் மிதித்தவர்கள்தான். ஒருவர் முன்னே வந்து நின்றிருந்தால் போதும், எங்கள் கதை முடிந்திருக்கும். யாரும் அசையவில்லை. அதுவரை எங்களுக்காக வாய் திறக்காதவர்கள், அவருக்காகக் காலை நீட்டவும் இல்லை. முன் வரிசையில் நின்ற ஒருவர் மெல்ல வேட்டியை இறக்கிவிட்டுப் பாதத்தை மறைத்துக்கொண்டார்.

அதிகாரி உட்கார்ந்து பேனாவைத் திறந்து, இவர் பெயரையும் இவர் அப்பா பெயரையும் கேட்டு எழுதினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது இவர் கேட்டார். "நெசமாவே நீ கடலப் பாக்கலியா?"

"மூணு நாளும் ரோட்டத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்."

பின்தங்கிய மாட்டைத் தட்டி ஓட்டினார். பிறகு, "சரி விடு. அடுத்த வருஷமும் தழை மிதிச்சுட்டுப் போவோம்" என்றார்.

"மாட்ட எங்க கட்டுறது?" என்று கேட்டேன்.

நிலம் எங்களிடமே நின்றது. அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. ஒருவர் போனால் ஒருவர் மாட்டோடு இருந்தோம்.