கடைசி வரிக்குக் கார்டு இல்லை

அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறார் அத்தான். முயல்கிறேன், அக்காதான் விடமாட்டேன் என்கிறார்.

புதூர் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை பொய்த்து அப்பாவும் அம்மாவும் வெளியூர் வேலைக்குப் போன வருடங்களில் எங்களுக்குச் சோறு ஊட்டியவர் அவர்தான். மணமாகிக் கோவில்பட்டி வந்து மழலையர் பள்ளியில் வேலை பார்த்தார். ஞாயிறுகளில் சபையில் கீபோர்டு வாசித்தார். சண்டையும் அங்கேதான்.

பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சிக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுகள், நிறைய வேண்டும். அக்காவுக்கு இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. எந்த இரண்டு என்பதை ராகம்தான் சொல்ல வேண்டும் என்பார். சி சுருதியில் நிற்கும் பாட்டில் நிஷாதம் தாழ்ந்து வந்தால் ஜி மேஜரைத் தொடமாட்டார், அதில் இருப்பது உயர்ந்த நி. பி பிளாட்டுக்குப் போவார்.

"நாம பாடுத நி ஒண்ணு, ஒங்க கார்டுல இருக்க நி வேற. ரெண்டும் முட்டுதுல்லா அண்ணாச்சி?"

"யாருக்கும்மா கேக்கு?"

"எனக்குக் கேக்கே!"

ஒத்திகை அத்தோடு நின்றுவிடும். கைக்குழந்தையோடு காத்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோதும் அப்படியே. மாத்திரை போட்டாயா என்று கேட்டதற்கு, "ஏட்டி, அண்ணாச்சி ஏ மைனர் பாட்டுக்கு ஈ மேஜர் வச்சாராமே?" என்றார்.

அங்கு சேர்வதற்கு முன், தாமே மெட்டமைத்த ஒரு ஜெபப் பாட்டை வாசித்துப் பாடி எனக்குக் கைபேசியில் அனுப்பியிருந்தார். கடைசி வரியில் கார்டே இல்லை; குரல் மட்டும். "ஏக்கா, அங்கன ஏன் கைய எடுத்துட்ட?" என்றேன். "வீட்டுக்கு வந்து சொல்லுதேன்" என்றார். வரவில்லை. இப்படியா ஒருவர் பாதியில் விட்டுவிட்டுப் போவார்?

இந்த முதலாண்டு நினைவு ஆராதனைக்காக அதே பாட்டை ஒத்திகை பார்த்தோம். அண்ணாச்சி ஒவ்வொரு கார்டாக வைத்துப் பார்த்தார். "என்னத்த வச்சாலும் ஒட்ட மாட்டேங்கு."

"அவளுக்குக் கை வலிச்சிருக்கும்" என்றார் அத்தான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. வேண்டுமென்றே விட்டாரா, கிடைக்காமல் விட்டாரா? தவறாக முடிவெடுத்தால் ஊரே அதை அக்காவின் பாட்டு என்று நினைத்துக்கொள்ளுமே! கடைசியில் அண்ணாச்சியே சொன்னார்: "விடு தாயி. அவ வைக்காதத நாம வைக்கண்டாம்."

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இத்தனை வருடம் அக்காவோடு மல்லுக்கட்டிய அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று அந்த வரி வரும்போது கீபோர்டு நின்றுவிடும். பழுதாகிவிட்டதோ என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நிறுத்தாமல் பாடுங்கள்.