ஓடக் கூடாத குதிரை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குதிரைப் பைத்தியம். அக்கா புருஷனைப் பாவா என்போம். அவரைக் கேலி செய்வது எங்கள் பக்கத்தில் மச்சினிச்சிக்கு உள்ள உரிமை. அந்த உரிமையைக் கல்யாணப் பந்தலிலேயே கையில் எடுத்தவள் நான். இன்றுவரை கீழே வைக்கவில்லை. ஆகவே இதில் பாவாவைப் பற்றிக் கொஞ்சம் முன்னே பின்னே எழுதினாலும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாவா அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு திருத்தணியில் ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டி, வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை போட்டார். நானும் அதே தெருவில்தான். ரேஸ் நாள் என்றால் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்விடுவார். சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம். பத்து பைசா கட்டமாட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குதிரைகளைப் பார்ப்பார், டீ குடிப்பார், திரும்பி வருவார். அக்கா நம்பாமல் ஒருமுறை கூடவே போனாள். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்து, "இதுக்கு சீட்டு ஆடுனாக்கூட ஒரு அர்த்தம் கீது" என்றாள்.

ஜெயித்துக் கொழித்த குதிரைகளைப் பற்றி பாவா பேசவே மாட்டார். அவர் வாயில் வருவதெல்லாம் பாதியில் போனவைதான். ஓடிய பந்தயமெல்லாம் ஜெயித்த ஒரு சாம்பல் நிறக் குதிரை கடைசி வளைவில் முன்னங்கால் முறிந்து விழுந்தது. சுற்றிலும் படுதா கட்டி அங்கேயே கதையை முடித்துவிட்டார்கள். இன்னொன்றுக்குப் பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் வயிற்று வலி, விடிவதற்குள் போய்விட்டது. சோற்றில் கை காய்ந்துபோகும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். எல்லாக் கதையும் "அது மட்டும் இருந்திருந்தா" என்றுதான் முடியும்.

"இன்னா பாவா, செத்த குதிரைக்கெல்லாம் கலெக்டர் உத்தியோகம் போட்டுக் குடுக்குறீங்க. உயிரோட இருக்குறதுல ஒண்ணுகூடத் தேறாதா?" என்று கேட்பேன்.

"உயிரோட இருக்குறது எப்படியும் ஒருநாள் தோத்துடும்மா" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு குதிரையே வந்து சேர்ந்தது. சென்னையில் இரண்டு பந்தயம் அடித்த பெண் குதிரை. மூன்றாவதில் இடது முன்னங்கால் நரம்பு கிழிந்துவிட்டது. இனிமேல் ஓடாது என்று தெரிந்ததும் முதலாளிக்கு அதன் மேல் அக்கறை விட்டுப்போயிற்று. லாயத்துக் குதிரைக்காரர் பாவாவுக்குப் பழக்கம். கூட்டிக்கொண்டு போகிறாயா என்று கேட்டிருக்கிறார். பாவா வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "புதுப் பொண்ணுக்கு மாதிரி ஆலம் கரைச்சு எடுத்துகினு வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் உள்ளே போய்விட்டேன். குதிரைக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. அக்கா சக்களத்தியைச் சொல்வதுபோல "அவ" என்றாள். அதுவே பெயராக நிலைத்தது.

அவ நல்ல அழகி. கரும்பழுப்பு நிறம், தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்தால் நடுங்குவாள். தறிச் சத்தத்துக்கு இரண்டே நாளில் பழகிவிட்டாள். கரண்ட் போய்த் தறிகள் நின்றால்தான் காதை விறைத்துக்கொண்டு பயப்படுவாள்.

ஊர் மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர். "பசு மாடா இருந்தா இவ்ளோ யோசிக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, சென்னையில் யாரோ குதிரை டாக்டரிடம் போனில் பேசிவிட்டுச் சொன்னார்: "காலுக்குக் கட்டு போட்டு வைங்க, கட்டு தளரக் கூடாது. மெதுவா நடக்க வைக்கலாம். ஓட மட்டும் கூடாதுங்க. ஓடுனா மிச்சம் இருக்குறதும் அறுந்துடும். அப்புறம் ஊசி போட்டு அனுப்பறதுதான்."

கட்டு தளரக் கூடாது என்பது மட்டும் பாவா காதில் விழுந்தது. நூலுக்குக் கஞ்சி போட்டால் விறைப்பும் பலமும் வரும் என்பது அவர் பிறந்த வீட்டுப் படிப்பு. தறித் துணியை நீளமாகக் கிழித்து, தறியில் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரியே கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில் முக்கி, காலில் இறுக்கிச் சுற்றிவிட்டார். "பாத்தியா, பலகை மாதிரி நிக்கும்" என்று என்னிடம் பெருமை வேறு.

மத்தியானத்துக்குள் வெயிலில் அது பலகையாகவே ஆகிவிட்டது. காயக் காயத் துணி சுருங்கி, காலைப் பிடித்து நெரித்தது. கீழ்ப்பக்கம் வீங்கிவிட்டது. அவ காலைத் தரையில் ஊன்றவில்லை, உடம்பெல்லாம் வியர்வை. பாவா அவிழ்க்கப் பார்த்தார், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அக்காதான் வெந்நீரைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊறவைத்து, தறிக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தாள். அவ அக்காவின் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அக்கா கட்சி மாறிவிட்டாள்.

"இது பாவு இல்லீங்க, காலு" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாவாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே முருகனுக்கு வேண்டிக்கொண்டார். அவ நாலு காலில் நின்றால் போதும், மொட்டை போடுகிறேன் என்று. "இங்க சாமிக்கு முன்னாடி நிக்கறது யானை, கொடியில சேவல். குதிரைக்கு யார் பாவா சிபாரிசு பண்ணுவாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிபாரிசு எப்படியோ போய்ச் சேர்ந்தது. வீக்கம் வடிந்து கால் ஊன்றியதும் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் யார் கேட்டாலும், "வீட்ல கால் சரியில்லாம இருந்துச்சு, அதான்" என்றிருக்கிறார். அக்காவைப் பார்க்கிறவர்களெல்லாம் அவள் காலைக் குனிந்து பார்த்து நலம் விசாரித்தார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை.

மாதங்கள் போயின. அவ தேறிவிட்டாள். பார்த்தால் அடிபட்ட குதிரை என்றே தெரியாது. அதுதான் வம்பாயிற்று. பொங்கல் சமயத்தில் கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறவர். அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தடவை பூட்டிப் பாப்போங்க. ரத்தத்துல ஓட்டம் கீது. இதைக் கட்டி வெக்கறது பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வண்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அவ ஓடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது பந்தயத்தன்று அவர் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். முதல் இரண்டின்போது அவளை யாரென்றே தெரியாததால் கவனிக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அந்த வண்டிப் பந்தயக்காரருக்குப் போன் செய்து, "இல்லீங்க, வேணாம்" என்றார். அக்கா அன்று பாயசம் வைத்தாள்.

பங்குனியில் ஏரி வற்றியதும், காலையில் அவளை ஏரிக்குள் நடத்திக்கொண்டு போவார். எனக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஆகவே நடக்க மட்டும் அனுமதி உள்ள நாங்கள் இரண்டு பேரும் பாவா பின்னால் போவோம்.

ஒருநாள் கரைக்கு அந்தப் பக்கம் காவடிக் கூட்டம் ஒன்று சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது. திடீரென்று பம்பை அடித்தார்கள். அவ ஒரே துள்ளு. கயிறு பாவா கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

அவ ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தினால் இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த உடம்பு எதற்காக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தரையைத் தொட்டதுபோலவே இல்லை. காய்ந்த மண்ணில் புழுதி பின்னால் எழும்பியது, அவ அதை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாவா லுங்கியை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வெடித்த சேற்றில் தடுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடினார். "ஓடாதம்மா. வேணாம்மா. நில்லும்மா" என்று கெஞ்சிக்கொண்டே போனார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஓட்டம் அதுதான்.

வேலமரங்கள் வரை போய், தானாகவே திரும்பி, மெதுவாக நடந்து வந்து நின்றாள். பாவா மண்ணில் உட்கார்ந்து காலை மேலிருந்து கீழாகத் தடவினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, லேசான சூடுதான், அறுபடவில்லை, அதிர்ஷ்டம் என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் பாவா ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆசைப்பட்டது நடந்துடுச்சே. எப்படி ஓடுனா, சொல்லுங்க" என்றேன்.

துணியைச் சுற்றி முடித்து, தளர்த்திவிட்டு, மறுபடி சுற்றினார். "எங்கேம்மா பாத்தேன்" என்றார். "நான் அந்த ஒரு காலைத்தான் பாத்துகினு இருந்தேன்."

அவ ஓடியதைப் பார்த்தவள் அந்த ஏரியில் நான் ஒருத்திதான். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்தவரைக்கும் சொன்னேன்.