தெளியாத குழாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கடல் கடந்த மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சோதனைக்குழாய் கழுவும் வேலை. கூடக் கழுவியவன் இறைச்சிக்கடைக்காரர் மகன், என்னைவிட இளையவன். எங்களில் ஒருவரை உதவியாளனாக உயர்த்தப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவன் சிரித்தாலே எனக்கு வயிறு எரியும்.

எல்லாம் மாட்டுப் பித்தநீரால் வந்த வினை. நோயாளியின் சளியிலிருந்து வளர்த்த கிருமி, குழாயில் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். பித்தநீரை விட்டால் நிமோனியாக் கிருமி வெடித்துக் கரைந்து, குழாய் தெளிந்துவிடும். தெளிந்தால்தான் நோயாளிக்கு ஊசி. தெளிந்ததைக் கண்டு ஏமாறாதீர்கள், உள்ளிருந்த விஷம் அப்போதுதான் வெளியே வருகிறது என்று டாக்டர் எச்சரிப்பார். அறுப்புக்கூடத்திலிருந்து பித்தப்பையைக் கொண்டுவந்து, வடிகட்டி, புட்டியில் ஊற்றி, மூடிக்கு நூல் கட்டி வைப்பவன் அவன்தான். டாக்டர் அவன் முதுகில் தட்டுவார். நானோ திருநீறு பூசும் வீட்டுப்பிள்ளை. அந்தப் புட்டிப்பக்கம் கை போகாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலை அவனுக்கல்லவா போய்விடும்!

ஒருநாள் அவன் பசாருக்குப் போயிருந்தபோது டாக்டர் என்னைச் சோதனை செய்யச் சொன்னார். ஒரு குழாயில் பித்தநீர், ஒப்பிட இன்னொன்றில் உப்புநீர். அவன் வரட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டிலும் உப்புநீரையே விட்டேன். தெளியவில்லை என்றேன். வேறு கிருமி என்று எழுத டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். புட்டியின் நூல் அவிழாமல் இருந்ததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புட்டிச் சீட்டுகளை மாற்றி ஒட்டியது தன் தவறு என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, தானே பித்தநீரை விட்டான். கால் மணி நேரத்தில் குழாய் தெளிந்தது. நோயாளிக்கு ஊசி போட்டார்கள். டாக்டர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் குனிந்து குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“மாடு உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணே?” என்றான் வெளியே வந்ததும். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேன்லா.”

உதவியாளன் வேலை எனக்குத்தான் கிடைத்தது. முதலில் கைகொடுத்து வாழ்த்தியவன் அவன். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டானே, பாவி!