சூப்பவைசரின் தம்பி

காலை ஐந்தே முக்கால். கனடாவில், மல்வேர்னில் அக்கா வீட்டுச் சோபாவில் கண் விழித்தபோது முதலில் கண்டது அத்தானின் கழுத்துப்பட்டியை. சிவப்பில் வெள்ளைக் கோடு. கண்ணாடி முன் நின்று முடிச்சை இறுக்கினார். பிறகு தொழிற்சாலை உடுப்பான நீல ஓவரோலை மடித்துக் கைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ரேப் என்கிற ஒட்டுநாடா ஒட்டுவது அவர் வேலை. ஊருக்கும் உறவுக்கும் அவர் அங்கே சூப்பவைசர். அக்காவுக்கு உண்மை தெரியும். ஓவரோலைத் தோய்ப்பது அவள்தான்.

எண்பத்து நான்காம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வேலையை விட்டு வந்த நான் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மாரிக் குளிரில் அத்தானின் தம்பியும் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். வேலை கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை தேட உறவினர் கூடினார்கள். வேலை தேடுவதென்றால் மிக்சர் தின்றபடி கனடாவின் பொருளாதாரத்தைப் பழிப்பது. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பாளர்கள். ஒருவரும் தன் வேலைத்தலம் எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் தம்பி வந்து நிற்பார். வந்தால் பார்ப்பார். பார்த்ததை ஊருக்குச் சொல்வார். அந்த நாளில் வீட்டுச் சேதி, புதினங்களைக் கசெற்றில் பேசித்தான் ஊருக்கு அனுப்பினோம்; ஒரு கசெற்றை அங்கே தெரு, ஒழுங்கை முழுவதும் கேட்கும்.

"அண்ணை, உங்கடை கொம்பனியிலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"நான் சூப்பவைசரா இருந்துகொண்டு என்ரை தம்பியைச் சேர்த்தால் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"அப்ப நீங்கள் கேக்க வேண்டாம். அட்ரஸைத் தாங்கோ, நானே போறன்."

"நீ முதல்லை மிக்சரைச் சாப்பிடு."

என்னோடு உணவகத்துக்கு வரட்டும் என்றேன்.

"எங்கடை குடும்பத்திலை கோப்பை கழுவின ஆக்கள் இல்லை," என்றார் அத்தான். நான் அவர் மனைவி வீட்டு ஆள். அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.

கடைசியில் வேலை சொன்னவர் லிப்டில் சந்தித்த ஒரு பிலிப்பீன்காரர். தான் வேலை செய்யும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தம்பியைக் கூட்டிப்போனார். அது வாளித் தொழிற்சாலை. அன்று பின்னேரம் தம்பி சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணை ரேப் ஒட்டிக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டிட்டு அப்பிடியே திரும்பி நிண்டிட்டார். நானும் காணாத மாதிரிப் போயிட்டன்."

"வீட்டை வந்து கேட்டனீங்களோ?"

"கேட்டு? இந்தக் குளிருக்கை நான் எங்கை போய்ப் படுக்கிறது?"

சனிக்கிழமை தம்பி தன் மனைவிக்குக் கசெற் பேச உட்கார்ந்தார். அத்தானும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். தம்பி தொண்டையைச் செருமினார்.

"வேலை கிடைச்சிட்டுது. அண்ணைதான் எடுத்துத் தந்தவர். அங்கை அவர்தானே சூப்பவைசர்."

அத்தான் மைக்கருகே குனிந்தார். "ஒண்டுக்கும் யோசியாதை, பிள்ளை. கொஞ்ச நாளிலை இவனையும் ஒரு நிலைக்குக் கொண்டந்திடுவன்."

அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தம்பி அவருக்கு நன்றி சொன்னார், அதுவும் கசெற்றில் பதிவானது. அத்தானின் பொய்யைத் தம்பி தன் படுக்கைக்கு வாடகையாகக் கொடுத்தார். அக்கா இருவருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தம்பிக்குப் பகல் வேலை. அடுத்த திங்கட்கிழமை அத்தான் இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். தம்பியின் மனைவியும் குழந்தையும் மறு வருடம் வந்து இறங்கினார்கள்.