பெயின்ட் அடிக்க வந்தவர்கள்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே தூண்டில் பைத்தியம். பழக்கிவிட்டவர் என் கணவரின் ஆபீஸ் நண்பர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது மூவரும் விடிந்ததும் கோவளம் பக்கம் போய்விடுவோம். நாள் முழுக்க வெயிலில் கருகிப் பிடித்துவருகிற மீனைவிட, கேம்ப் ரோட்டில் வண்டிக்காரம்மா கூறு கட்டி விற்கிற மீன் பெரிதாக இருக்கும். ஆனாலும் போவோம்.

முதலில் நாலு தூண்டிலும் ஒரு ஐஸ் பெட்டியும்தான் இருந்தன. பிறகு காற்றடிக்கிற ரப்பர் படகு வந்தது. பிறகு அந்தப் படகுக்கு ஒரு மோட்டார். சாமான் சேர்ந்து ஹாலில் நடக்க இடமில்லாமல் போனபோது மூவரும் பங்கு போட்டு ஒரு டிரெய்லர் வாங்கினோம். நாலு பக்கமும் தகரம் அடித்து, பின்னால் கதவு வைத்து, ஜீப்பின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற பெட்டி வண்டி. நண்பரிடம் ஜீப் இருந்தது, எங்களிடம் இடம் இருந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை என் நாத்தனாருடையது. அவள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். அங்கேதான் வண்டியை நிறுத்தினோம்.

அது வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மனைக்குக் கதவு கிடையாது, மூன்று பக்கம் அரைச் சுவர்தான். தெருவில் போகிற யாரும் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் போவதில்லை. "இன்னா சார் கீது உள்ள?" என்று தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டால், என் கணவர் பூட்டைத் திறந்து, உள்விளக்கைப் போட்டு, மோட்டார் எந்த ஊரில் வாங்கியது என்பது வரை சொல்லிக் காட்டுவார். கேபிள்காரர் பார்த்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பார்த்தார். என்னிடம் கேட்டவர்களுக்கு, "ஸ்கூலோட பழைய பரீட்சைப் பேப்பர் எல்லாம் போட்டு வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிடுவேன். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதனால் நம்பினார்கள்.

வண்டியின் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தது. என் பயம் கதவைப் பற்றியதே அல்ல. சக்கரம் வைத்த பொருள், கதவைத் திறப்பானேன், அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டால்?

"டிரெய்லரையே யாராவது தூக்கிட்டுப் போவாங்களா? உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்று கணவர் சிரித்தார்.

பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஒரு நாள் மதியமே வீடு திரும்பிவிட்டேன். மனையின் முன்னால் பைக் ஒன்று நின்றது. ஒருவன் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் டிரெய்லரின் முன்பக்கம் குந்தி, ஜீப்பில் மாட்டுகிற கொக்கியை விரலை விரித்துச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான்.

"யாரு? என்ன வேணும்?"

எழுந்தவன் கொஞ்சமும் பதறவில்லை. "இந்த வண்டி விக்கிறதாக்கா?"

"இல்லையே."

"விக்கிறாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"ஒருத்தர் சொன்னாருக்கா" என்றபடியே பைக்கில் ஏறினான். போகும்போது நம்பரைப் பார்க்கலாம் என்றால், பின்னால் நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது. அந்த மாதம் எங்கள் பக்கம் ஒரு தூறல்கூடப் போடவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். யாரோ வாங்க விசாரித்திருக்கிறார்கள், அவ்வளவுதானே என்றார். வாங்க வந்தவன் விலையைக் கேட்காமல் கொக்கியை ஏன் அளக்கிறான் என்று கேட்டேன்.

மறுநாளே சேலையூரில் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். மனையில் குழி தோண்டி, கனமான இரும்புக் குழாய் ஒன்றை இறக்கிக் கான்கிரீட் போட்டார்கள். காய்ந்ததும், விரல் தடிமன் சங்கிலியை இரண்டு சக்கரத்துக்குள்ளும் கோத்து, குழாயைச் சுற்றி வந்து பூட்டியாயிற்று. ஒரே சாவி. அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், பள்ளிக்கூடத்துக்கும் அது என்னோடுதான் வந்தது. அடுத்த முறை ஜீப்போடு வந்த நண்பருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"என் வண்டியை எடுக்க நான் உங்ககிட்ட சாவி கேக்கணுமா?"

"நாங்களும் பங்குக்காரங்கதானே. எங்களுக்கும் அதே பூட்டுதான்" என்றேன். கணவர் பேச்சை மாற்ற, தகரம் துருப்பிடிக்கிறது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நண்பர் தனக்குத் தெரிந்த இடத்தில் விசாரிப்பதாகச் சொன்னார். அதன் பிறகு எங்கள் மூவரின் வாட்ஸ்அப் குழுவில் பச்சையா நீலமா என்று சில நாள் ஓடியது.

ஒரு புதன்கிழமை, இடைவேளை மணி அடித்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அங்கிளிடமிருந்து போன். ரிட்டயர் ஆனவர், தெருவில் யார் வீட்டுக்குக் கூரியர் வந்தாலும் வாங்கி வைக்கிற மனிதர்.

"டீச்சர், டிரெய்லருக்குப் பெயின்ட் அடிக்க ஆளுங்க வந்திருக்காங்க. சார் அனுப்பினாராம். சக்கரத்துல சங்கிலி இருக்கே, சாவி எங்க வெச்சிருக்கீங்க?"

"சார் பேரைச் சொன்னாங்களா?"

"பேர் சொல்லித்தானே கேட்டாங்க. ஒரு பிக்கப் வண்டியில மூணு பேர். கொக்கியெல்லாம் மாட்டியாச்சு. நானும் சேர்ந்து தள்ளிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது."

கத்தினால் அவர்களுக்குக் கேட்டுவிடும் என்று தோன்றியது. "சாவி என்கிட்டதான் இருக்கு அங்கிள். இதோ கிளம்பி வரேன். அவங்களை உக்கார வெச்சு மோர் ஏதாவது குடுங்க" என்றேன். உடனே கணவருக்குப் போட்டேன். அவர் யாரையும் அனுப்பவில்லை. போலீஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸிடம் இரண்டு வார்த்தை சொல்லி, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். சேலையூர் சிக்னலில் வண்டி நின்றபோது, அந்தச் சங்கிலியை அறுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரெய்லர் இருந்தது. அவர்கள் இல்லை. அங்கிள் கையில் நாலு டம்ளர் வைத்த தட்டோடு நின்றிருந்தார். மோர் அப்படியே இருந்தது.

"டீச்சரே சாவியோட வராங்கன்னு சொன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினாங்க. டீ குடிச்சிட்டு வரோம்னு போனவங்கதான், இன்னும் காணோம்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளர் தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு, கிரீஸ் ஒட்டிய தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நானே தள்ளினேனே டீச்சர்" என்றார். அவரைத் தேற்றுவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வந்த போலீஸ்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணும் போகலையேம்மா?" என்றார். போகவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நண்பரும் வந்தார். என் கணவருக்குச் சந்தேகம் கோவளத்து அண்ணன் மேல். கரையிலிருந்து எங்கள் படகைத் தண்ணீரில் இறக்கிவிடுகிற மீனவர் அவர். மோட்டாரின் மதிப்பு அவருக்குத்தான் தெரியும் என்றார் கணவர். நண்பர் வேகமாகத் தலையாட்டினார். "நானும் அதைத்தான் நினைச்சேன்."

"அவருக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னே தெரியாது. பெயின்ட் அடிக்கப் போறது எப்படித் தெரியும்? அது நம்ம மூணு பேர்தானே பேசினோம்" என்றேன்.

நான் நண்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "விக்கிறாங்கன்னு ஒருத்தர் சொன்னாருன்னு அன்னைக்கு அந்தப் பையன் சொன்னான். யாரா இருக்கும்?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். பழைய சாமான் விற்கிற ஒரு இணையதளத்தில் டிரெய்லரின் படத்தைப் போட்டிருந்தாராம். சாமானோடு சேர்த்து. விற்பதற்காக இல்லையாம், என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளத்தானாம். விசாரித்தவன் ஒருவன் நேரில் பார்க்க வேண்டும் என்றானாம், இடத்தைச் சொன்னாராம். பிறகு மனம் மாறி, பெயின்ட் அடிக்கக் கொடுக்கப் போகிறோம், இப்போது விற்கவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"இவர் பேரையும் சொன்னீங்களா?"

"பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்."

"அவன் நம்பரைக் குடுங்க. போலீஸ்ல குடுக்கலாம்."

"அந்த சாட் மெசேஜ் எல்லாம் அழிச்சிட்டேனே."

"எப்போ?"

"முன்னாடியே" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நண்பர் செய்தது வெறும் விவரம் கெட்டதனம் என்று என் கணவர் இன்றைக்கும் நம்புகிறார். அப்படியும் இருக்கலாம். எனக்குத் தீரவில்லை. கூட்டுச் சாமானின் விலையைக் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் ஒருவர் ஏன் விசாரிக்க வேண்டும்? விசாரித்தால், வீட்டில் ஆள் இல்லாத நேரம் வரைக்கும் எவனுக்கோ ஏன் தெரிய வேண்டும்? நேருக்கு நேர் கேட்டுவிட என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

அடுத்த மாதமே பிரித்துக்கொண்டோம். சண்டை போடவில்லை. படகும் ஐஸ் பெட்டியும் அவருக்கு, டிரெய்லரும் மோட்டாரும் எங்களுக்கு என்று ஆயிற்று. டிரெய்லரை மனையிலிருந்து எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். படகில்லாத மோட்டார் எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அறையில் லேசாகப் பெட்ரோல் வாசனை. நாங்கள் இப்போது கரையில் நின்றே தூண்டில் போடுகிறோம், கோவளத்து அண்ணன்தான் எங்கே நிற்கலாம் என்று காட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலுக்கு வந்தபோது நண்பர் எதிரே வந்தார். நன்றாகச் சிரித்தார், நலம் விசாரித்தார். பிறகு, "மனையில டிரெய்லரைக் காணோமே, இப்ப எங்க நிறுத்துறீங்க?" என்றார்.

அவர் இருப்பது இரும்புலியூரில். எங்கள் தெரு முட்டுச்சந்து. வழியில் பார்த்தேன் என்று சொல்ல முடியாத இடம்.

கணவர் வாயைத் திறப்பதற்குள், "தெரிஞ்சவங்க இடத்துல" என்று சொல்லிவிட்டு கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.