தண்ணீர் அப்புறம்

மேடம் வாங்கி, குடிக்காமல் ஸ்டூலில் வைத்த அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. விளிம்பில் ஒரு நெளிவு. விருந்தாளி வந்தால் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அதைத்தான் தேடி எடுப்பார்; நெளிந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார். விழுப்புரத்து வெயில் காலத்தில் ஒரு முற்பகல், அந்த டம்ளர் ஸ்டூலின் மேல் இரண்டு நிமிஷம் இருந்திருக்கலாம். அவ்வளவு நீளமான இரண்டு நிமிஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேடம் எங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பார்ட்னர். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து தருகிற நிறுவனம் அது. அலுவலகம் என்று ஒரு கட்டடம் கிடையாது. நிறுவனர்கள் பெங்களூரில், மேடம் திண்டிவனத்தில் தன் வீட்டு மாடியில், நான் விழுப்புரத்தில், மற்றவர்கள் மூலைக்கொருவராக. ஆளைச் சேர்ப்பது, லீவு கொடுப்பது, சண்டையைத் தீர்ப்பது, ஆளை அனுப்புவது எல்லாம் மேடத்தின் தலையில். "பார்ட்னர்னா கம்பெனில பங்கு இருக்குதா?" என்று அத்தை கேட்டார். பங்கு இல்லை, பாடு மட்டும்தான் என்றேன்.

நான் சேர்ந்தபோது வந்த கடிதத்தில் "நம் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்ற வரியை மேடம் அடித்துவிட்டு அனுப்பியிருந்தார். சேவை செய்கிற நிறுவனங்களுக்கு அந்த வார்த்தை மேல் தனி ஆசை உண்டு. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். "குடும்பத்துல யாரையும் வேலைய விட்டு நிறுத்த மாட்டாங்க. நாளைக்கு நான் உங்கள நிறுத்த வேண்டி வந்தா இந்த வரிய எங்க கொண்டுபோயி வக்கிறது?" என்றார். சேர்ந்த அன்றே இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதன் அருமை மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

என் வேலை புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் மெத்தையைச் சாய்த்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்து தாவரங்களின் இனப்பெருக்கத்தைப் படிப்பேன். குக்கர் விசில் அடித்தால் முதலிலிருந்து. கோலமாவு வண்டி வந்தால் முதலிலிருந்து. கணவர் காலையில் முண்டியம்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். அத்தைக்கு இதெல்லாம் வேலை என்றே படவில்லை. "வேலன்னா குளிச்சி, சீவி, கெளம்பிப் போவணும். இவ என்னாடான்னா உள்ள பூந்துக்கினு தனியா பேசிக்கினு கீறா" என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார். பக்கத்து வீட்டம்மா, நாங்கள் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் என்பதையும் மறந்து, என்னைத் திருவக்கரைக் காளி கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கச் சொன்னார்.

அன்று காலை மேடம் போன் செய்தார். "வீட்லதான இருக்கீங்க? திண்டிவனத்துல பஸ் ஏறிட்டேன். நேர்ல வர்றேன்." பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை முடிக்க எனக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. அதைப் பாராட்டத்தான் வருகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மூன்று வருஷமாகத் திரையில் மட்டும் பார்த்த ஒருவர் வீடு தேடி வருகிறார் என்றால் வேறு எதை நினைப்பது? அத்தையிடமும் அப்படியே சொன்னேன். அவர் கோழி வாங்கிவந்து அடுப்பில் ஏற்றி, வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வறுத்து, என்னைப் புதுப் புடவை கட்டச் சொன்னார்.

ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட, மேடம் வெயிலில் நடந்து வந்தார். சாய்ந்து சாய்ந்து வந்தார். வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றின் அடி மற்றதைவிட இரண்டு விரல் கனம். எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் இது தெரியாது. நாங்கள் அறிந்த மேடத்துக்கு முகமும் தோளும் மட்டும்தான். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. தினமும் "நல்லா இருக்கீங்களா மேடம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அத்தை டம்ளரை நீட்டினார். மேடம் வாங்கினார். "தண்ணி அப்புறம் குடிக்கிறேம்மா" என்று பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அத்தையின் முகம் அப்படியே இறுகியது.

எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் தாகம் அடங்கிப்போகிறவர்களை அத்தை நிறையப் பார்த்தவர். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு, அதைத் தொடாமலேயே எழுந்து போவார்கள். பள்ளிக்கூடச் சத்துணவில் ஆயாவாக இருந்தபோது, அவர் பரிமாறினால் சாப்பிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய வீடுகள் உண்டு. அத்தை என்னைப் பார்த்தார். இவங்களுக்கா நான் கோழி வாங்கி ஆக்குனேன், என்று கேட்கிற பார்வை.

மேடம் உட்காரவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்க வேலை இந்த மாசத்தோட முடியுது. இனிமே புத்தகத்த மிஷினே படிக்கும்னு முடிவாயிடுச்சி. உங்க மேல ஒரு குறையும் இல்ல. பிள்ளைங்களுக்கு சீக்கிரமா நெறைய புத்தகம் கெடைக்கும், அது நல்லதுதான். உங்களுக்கு நல்லது இல்ல. அதையும் இதையும் கலந்து சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, ஸ்டூலைக் காட்டினார். "உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு, சோத்தையும் தின்னுட்டு இத சொல்ல எனக்கு வராதுங்க. அதான் மொதல்ல சொல்லிட்டேன்."

மூன்று வருஷத்தில் நானாகச் சம்பாதித்த ஒரே பெருமை அந்தக் குரல். அத்தையோ பெருமூச்சு விட்டார். "அவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பேஜாராயிட்டேன். சொல்லிட்டீங்க இல்ல, இப்ப குடிங்க" என்று டம்ளரை எடுத்து மறுபடி நீட்டினார். மேடம் மடமடவென்று குடித்தார். அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தார். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். மருமகளுக்கு வேலை போன நேரத்தில் மாமியார் முகம் மலர்ந்ததை ஊரார் பார்த்திருந்தால் வேறு கதை கட்டியிருப்பார்கள்.

சாப்பிட உட்கார்ந்தோம். "இவ இன்னாதான் பண்ணிக்கினு இருந்தா இத்தினி நாளா?" என்று அத்தை கேட்டார். மேடம் தன் போனில் இருந்த ஒரு குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்: "அக்கா, நீங்க எந்தெந்த எடத்துல மூச்சு வாங்குவீங்கன்னு கூட எனக்குத் தெரியும்." அத்தை பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். எனக்கு வேலை இருந்தது என்பது, அது போன அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் நிரூபணமாயிற்று.

பாக்கி இருக்கிற ஒரு பாடத்தைப் படித்துவிடட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். பேசி முடித்த கையோடு கணினிக் கணக்கை அடைத்துவிடுவதுதான் இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். "மாசக் கடைசி வரைக்கும் தொறந்துதான் இருக்கும். பெங்களூர்ல சண்ட போட்டு வாங்கினு வந்திருக்கேன்" என்றார். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது. முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான் என்று நிறுத்தினேன். வாசலில் அத்தையின் குரல் உயர்ந்தது: "யோவ், மணி அடிக்காம ஜல்தியா அப்பால போ. உள்ள வேலை நடக்குது." வேலை என்ற சொல்லை என்னைச் சேர்த்து அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். அப்புறம் படித்தேன்.

அந்த வாரம் வேலை போன நான்கு பேரின் ஊருக்கும் மேடம் பஸ்ஸிலும் ரயிலிலும் நேரில் போய்வந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும்; கனத்த செருப்பு இத்தனை ஊர்ப் படி ஏறியிருக்க வேண்டாம். அந்த மிஷின் குரல் எங்காவது தடுக்குகிறதா என்று நான் இன்றும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். அற்ப புத்தி, போகமாட்டேன் என்கிறது. ஆனால் மேடத்தின் மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. நான் பார்த்த மனிதர்களில் அவரைப் போல நேர்மையான இன்னொருவர் இல்லை. குறை என்று ஒன்று சொல்லவேண்டுமானால் அந்த ஸ்டூல்தான்.

இப்போது நானும் ஹெச்.ஆர். பார்ட்னர், வேறொரு நிறுவனத்தில், அதே வீட்டு அறையிலிருந்து. போன வாரம் ஓமந்தூர்ப் பக்கம் போனேன். எங்களிடம் வேலை செய்த ஒரு பெண்ணின் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குழம்பு வாசனை. அவள் சிரித்த முகத்தோடு நின்றாள். அவள் அம்மா செம்பும் டம்ளருமாக வந்தார். தண்ணீர் அப்புறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டுச் சொல்லவும் மனம் வரவில்லை. கீழே வைக்காமல், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே அவள் வேலை முடிகிற செய்தியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல டம்ளர் சாய்ந்து பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. சொல்லி முடித்து மிச்சத்தைக் குடித்தேன். அந்த அம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரமான என் புடவையைப் பார்த்தார். பிறகு செம்பைச் சாய்த்தார்.

"புடிங்க. பாதிய கொட்டிட்டீங்களே."